நனைந்த கண்ணாடியை நம்பி நான் ஏமாந்த கதை

பழைய வண்ணக் கண்ணாடிப் பாத்திரங்களைப் "புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்" என்று யாராவது சொன்னால், பார்சல் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஐந்து உருப்படிகளை அனுப்பினேன். அவற்றில் ஒன்று இப்போது உலகத்திலேயே இல்லை. மற்ற நான்கும் போனபோது இருந்ததைவிட மோசமாகத் திரும்பி வந்திருக்கின்றன.

எல்லாம் பெரியம்மா சமையலறையில் புழங்கியவை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள்: பெரியது மஞ்சள், அடுத்தது பச்சை, பிறகு சிவப்பு, கடைக்குட்டி நீலம். உள்ளே பால் வெள்ளை, வெளியே மட்டும் வண்ணம். அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம் 1940களில் பைரெக்ஸ் என்ற பெயரில் விற்ற செட் அது. அந்த வரிசையில் வண்ணங்களைப் பார்த்தாலே சேகரிப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். கூடவே, மிச்சம் மீதியை ஃபிரிட்ஜில் வைக்கிற மூடி போட்ட பெட்டிகள் இரண்டு. ஊடுருவிப் பார்க்கக்கூடிய பச்சைக் கண்ணாடி, பக்கவாட்டில் வரிவரியாக மேடு. அவை 1930களில் அச்சில் அழுத்திச் செய்த ரகம்.

என் குறைகள் பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டிகளின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்கல். மஞ்சள் கிண்ணத்தில் அங்கங்கே பெயிண்ட் உரசல். சிவப்புக் கிண்ணத்தின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு. கிண்ணங்களுக்குள் பென்சிலால் கிறுக்கியது போலச் சாம்பல் கோடுகள். இதையெல்லாம் அப்படியே விட்டிருந்தால் யார் என்ன சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஆனால் பழைய கண்ணாடியைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒரு மனிதரின் "முன்னாடி – பின்னாடி" ஃபோட்டோக்களைப் பார்த்துவிட்டேன். சாம்பல் பூத்த ஜாடி ஒரு பக்கம், தண்ணீர்த் துளி போலத் தெளிந்த ஜாடி இன்னொரு பக்கம். வரிசையாக நாற்பது ஐம்பது இருக்கும்.

ஃபோனில் ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்டேன். "எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

"அது நம்ம டெக்னிக் மேடம். எந்தக் கண்ணாடியா இருந்தாலும் கிரிஸ்டல் ஆக்கிடலாம், நீங்க கவலையே படாதீங்க."

அங்கேயே ஃபோனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, கிண்ணமும் பெட்டியுமாக இருந்த ஆறில் ஐந்தை மட்டும் பபுள் ராப் சுற்றி அனுப்பினேன். ஆறாவதான நீலக் கிண்ணத்தில் அன்றைக்கு ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. காலி செய்யச் சோம்பல்பட்டு அதை விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் சோம்பல் எனக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான்.

ஏழு வாரம் கழித்து ஃபோட்டோ வந்தது. பச்சைப் பெட்டிகள் அப்படி மின்னின. நானும் "சூப்பர் சார்!" என்று மூன்று இதயம் வைத்துப் பதில் போட்டேன். அந்த மூன்று இதயத்தையும் மறக்காதீர்கள், பின்னால் வருகிறது.

பார்சலைப் பிரித்துப் பெட்டி மூடியை எடுத்தபோது அது கையில் நிற்காமல் வழுக்கியது. எண்ணெய்! நல்ல மெல்லிசாக, வாசனையில்லாத எண்ணெய். சரி, பாலிஷ் போட்டதன் மிச்சமாக்கும் என்று நினைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தேன். ஈரமாக இருந்தவரை பெட்டி பளிங்காகத்தான் இருந்தது. காயக் காய ஒரு மூலையில் வெள்ளை ஏற ஆரம்பித்தது. கண்ணாடிமேல் யாரோ மூச்சு விட்டது போல. ஆனால் அந்த மூச்சு கலையவில்லை, மெல்லப் பரவியது. பத்து நிமிடத்தில் நான் அனுப்பிய அதே பெட்டி, அதே மங்கல், என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

இதில் மாயமும் இல்லை, டெக்னிக்கும் இல்லை. மங்கிய கண்ணாடியின் மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத குழிகளும் மேடுகளுமாக இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. அந்தக் குழிகளில் தண்ணீரோ எண்ணெயோ நிரம்பிவிட்டால் வெளிச்சம் சிதறாமல் நேராகப் போய்விடும், கண்ணாடி தெளிந்தது போல இருக்கும். தண்ணீர் சீக்கிரம் காயும், எண்ணெய் நாள்கணக்கில் நிற்கும். ஃபோட்டோ எடுக்கவும் கூரியரில் அனுப்பவும் அது போதுமே! பழைய பொருள் விற்பவர்களில் சிலரும் இதே வேலையைச் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வகை மங்கல் இருக்கிறது. நான் இதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. ஒன்று, கண்ணாடியின்மேல் படிந்தது. உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து சுண்ணாம்பாகப் படியும் கறை. வெறும் வினிகரிலோ, எலுமிச்சை உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரிலோ சில மணி நேரம் ஊறவைத்தால் பெரும்பாலும் இளகிவிடும், பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போகும். விரலை ஓட்டினால் சொரசொரவென்று தட்டுப்படுவதும் உண்டு. இன்னொன்று, கண்ணாடியே அரித்துப் போனது. டிஷ்வாஷரின் சூடும், அதில் போடும் காரத்தன்மை கொண்ட பவுடரும் சேர்ந்து அரிக்கும். ஈரத்தோடு மூடி போட்டு வருடக்கணக்கில் வைத்தாலும், கண்ணாடியில் இருக்கும் காரப்பொருள் மேலே கசிந்து அரிப்பு வரும். சாய்த்துப் பார்த்தால் சில நேரம் எண்ணெய்த் தண்ணீரில் தெரிகிற மாதிரி வானவில் சாயல் ஓடும். இதற்கு வினிகர், பல்செட் கழுவும் மாத்திரை எதுவும் உதவாது. படிந்த அழுக்கு என்று அங்கே எதுவும் இல்லை, போனது கண்ணாடி. சீரியம் ஆக்ஸைடு என்ற, கண்ணாடியை மெருகேற்றும் பொடி போட்டு மணிக்கணக்கில் தேய்த்து, அரித்த தோலையே எடுத்தால்தான் தெளியும். சமதளத்தில் செய்யலாம். குறுகலான பெட்டிக்குள் மூலைகளில் செய்வது பெரும்பாடு. ஆக, "எந்தக் கண்ணாடியா இருந்தாலும்" என்று ஒருவர் சொல்கிறாரா, அவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

உள்பக்கம் இப்படி என்றால் வெளிப்பக்கம் இன்னும் வயிற்றெரிச்சல். அங்கே நிஜமாகவே மெஷின் வைத்துத் தேய்த்திருக்கிறார். வரிவரியான மேடுகளை விரலால் தடவுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். இப்போது அந்த மேடுகள் சப்பிய மிட்டாய் போல மழுங்கிக் கிடக்கின்றன. அச்சுக் கண்ணாடிக்கு அழகே அந்தக் கூர்மைதான். இன்னொரு விஷயமும் உண்டு. புற ஊதா டார்ச் அடித்தால் என் பெட்டிகள் பச்சையாக ஒளிரும், யுரேனியம் கலந்த கண்ணாடி. பயப்பட வேண்டாம், அலமாரியில் வைத்திருக்கவும் கையால் எடுக்கவும் பிரச்சினை இல்லை, கலந்திருப்பது கொஞ்சம்தான். ஆனால் அதைத் தேய்த்து, கிளம்பும் தூசியை மூச்சில் இழுப்பது வேறு. யுரேனியம் இல்லாத கண்ணாடித் தூசியே நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்தில் தேய்த்தீர்களா, மாஸ்க் போட்டீர்களா என்று அந்த மனிதரிடம் கேட்டேன். சிரித்தார்.

மஞ்சள் கிண்ணம் அடுத்தது. பார்க்க ஜோராக இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன், மஞ்சள் தோல் உரிந்து வந்தது. ஸ்ப்ரே பெயிண்ட். பழைய வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அதன்மேல் அடித்திருக்கிறார். இந்தக் கிண்ணங்களின் வண்ணம் சாதாரணப் பெயிண்ட் இல்லை. அரைத்த கண்ணாடியோடு நிறமிகளைக் கலந்து பூசி, சூட்டில் கண்ணாடியோடு ஒட்டவைத்தது. அதைத் திரும்ப வீட்டில் உண்டாக்க முடியாது. போதாததற்கு, அந்தக் காலத்து வண்ணப் பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் சகஜம். கண்ணாடியோடு ஒட்டி வெளிப்பக்கமாக இருந்ததை உப்புத்தாளால் பொடியாக்கியிருக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தில் இப்போது நான் உப்புக்கூட வைப்பதில்லை.

பச்சைக் கிண்ணம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளபளப்புச் செத்து வந்தது. கேட்டதற்கு, "ரெண்டு வாட்டி மெஷின்ல ஹாட் வாஷ் போட்டோம் மேடம், பழைய பாத்திரம், கிருமி கெடக்கும்ல?" என்றார். இந்த வகைக் கிண்ணங்களை வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், டிஷ்வாஷர் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பதுதான். வண்ணத்தின் மினுமினுப்பு ஒருமுறை போனால் போனதுதான். கிருமிக்குச் சோப்புத் தண்ணீர் போதாதா?

சிவப்பைப் பற்றி எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. அந்தச் சில்லை ராவி, விளிம்பைச் சமமாக்கி அனுப்பியிருந்தார். பார்வைக்கு நேர்த்தியான வேலை, உண்மையைச் சொல்ல வேண்டும். நான்கு நாள் மேசைமேல் இருந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் மேசை, தரை, நாற்காலி எங்கும் சிவப்பும் வெள்ளையுமாகத் துண்டுகள். யாரும் தொடவில்லை, சூடாக எதுவும் ஊற்றவில்லை.

இந்தக் கிண்ணங்கள் டெம்பர் செய்த கண்ணாடி. சூடாக இருக்கும்போதே சட்டென்று குளிரவைப்பதால் மேல்தோல் அழுத்தத்தில் இறுகி இருக்கும், உள்ளே எதிர்த் திசையில் இழுவை. அந்த இறுக்கம்தான் அதன் பலம். டெம்பர் செய்த பிறகு வெட்டவோ ராவவோ கூடாது என்பது கண்ணாடி வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். தோலைத் தாண்டி இழுவை இருக்கும் இடம்வரை ஒரு சின்னக் கீறல் போனால் போதும், அந்த நொடியிலோ பல நாள் கழித்தோ மொத்தமும் சிதறும். பகல் நேரமாக இருந்து, நான் அந்த மேசையில் குனிந்து ஏதாவது நறுக்கிக்கொண்டிருந்தால்? அதை நினைத்துத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். விளிம்பில் சில்லு இருந்தால் அந்தக் கிண்ணத்தைச் சமையலிலிருந்து ஓய்வு கொடுத்து அலமாரியில் வையுங்கள். ராவ மட்டும் விடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில்: "பழைய கண்ணாடின்னா அப்படித்தான் மேடம்." இரண்டாவது: "நீங்க எங்க வச்சீங்களோ, எப்படி வச்சீங்களோ." மூன்றாவது, என் மெசேஜையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். சூப்பர் சார், மூன்று இதயம். "ஃபோட்டோ பார்த்து நீங்களே ஓகே சொல்லியிருக்கீங்களே?" அத்தோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நான் அனுப்புவதற்கு முன் எடுத்த ஃபோட்டோக்களும் நாலே நாலு. அதில் வரிமேடு தெரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. எதை வைத்து வாதாட?

அதனால் இப்படிச் செய்யுங்கள். அனுப்பும் முன், பொருளை நன்றாகக் காயவைத்து, கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு முகத்தையும் படமெடுங்கள். வினிகர் சோதனையை வீட்டிலேயே முதலில் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். பொன் கோடு போட்டதிலும், மேலே வானவில் பூச்சு பூசிய கார்னிவல் கண்ணாடியிலும் மட்டும் அமிலம் வேண்டாம், பூச்சு போய்விடும். வேலை செய்பவர் என்ன பொருள் போடுவார், எதை மெஷினில் தேய்ப்பார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "முடிஞ்சுது" என்று படம் வந்தால், சோப்புப் போட்டுக் கழுவி ஒரு நாள் காயவைத்து எடுத்த வீடியோ கேளுங்கள். உண்மையான ஆளுக்கு இதில் கோபமே வராது.

நீலக் கிண்ணம்? அதற்குள்ளும் சாம்பல் கோடுகள் இருந்தன. அவை கீறலே இல்லை. கரண்டியும் முட்டை அடிக்கும் கம்பியும் உரசி உரசி விட்டுப்போன உலோகத்தின் தடம். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, கையுறை போட்டுக்கொண்டு, உள்பக்கம் மட்டும் ஈரத் துணியால் வட்டமாகத் தேய்த்தேன். வெளி வண்ணத்தில் ஒரு பொட்டுகூடப் படவிடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, துணி சாம்பல் நிறமானது, கிண்ணம் வெள்ளையானது. நன்றாக அலசி, காயவைத்து, மறுநாளும் பார்த்தேன். அப்படியே இருந்தது.

நேற்று வேறொரு நம்பரிலிருந்து அவர் பக்கத்தைப் பார்த்தேன். என் பச்சைப் பெட்டி அங்கேதான் இருக்கிறது, "பின்னாடி" என்று போட்டு, கீழே நிறைய இதயங்களோடு. பெரிதாக்கிப் பார்த்தால் இடது மூலையில், மழுங்கிய வரிகளின் அடியில், ஒரு சொட்டு எண்ணெய் தேங்கி நிற்பது தெரிகிறது.