ஏதென்ஸில் ஒரு நாள் மிச்சம் இருந்தால்: கிஃபிசியாவா, ப்ஸிஹிகோவா, வுலியாக்மெனியா?

ஏதென்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அக்ரோபொலிஸ், பிளாக்கா சந்துகள், அருங்காட்சியகம் என்று பார்த்து முடித்த கையோடு தீவுகளுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். நடுவில் ஒரு நாள் கையில் இருந்தால், மரங்களும் பங்களாக்களுமாக இருக்கும் புறநகர் ஒன்றுக்குப் போய் வரச் சொல்வேன். வடக்கே மலைப்பக்கம் கிஃபிசியா, நகரத்தை ஒட்டினாற்போல் ப்ஸிஹிகோ, தெற்கே கடலோரம் வுலியாக்மெனி. மூன்றுமே வசதியானவர்கள் வாழும் இடங்கள்தான். ஆனால் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு மூன்றும் ஒன்றல்ல. என் ஓட்டு கிஃபிசியாவுக்கு.

காரணம் வெயில். கோடையில் ஏதென்ஸ் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. 2023, 2024 கோடைகளில் அனல் தாங்காமல் அக்ரோபொலிஸையே மதியத்தில் சில மணி நேரம் மூடி வைத்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஒதுங்குவதற்காகவே வளர்ந்த ஊர் கிஃபிசியா. அதுவும் இன்று நேற்று அல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஹெரோடெஸ் அட்டிகஸ் என்ற பெரும் செல்வந்தருக்கு இங்கே தோட்ட மாளிகை இருந்தது. அக்ரோபொலிஸின் தெற்குச் சரிவில் நிற்கிறதே கல் அரங்கம், அதைக் கட்டியவரும் அவர்தான். படிக்கும் காலத்தில் இங்கே விருந்தாளியாக வந்துபோன ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ், தோப்பின் நிழலையும் நீண்ட நடைபாதைகளையும், தண்ணீர்ச் சத்தமும் பறவைக் குரலும் நிறைந்த அந்த வீட்டையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்புறம் 1885இல் நீராவி ரயில் வந்தது. ஏதென்ஸ்காரர்கள் அதை ‘மிருகம்’ என்றே அழைத்தார்கள். ரயில் வந்ததும் பணம் படைத்த குடும்பங்கள் இங்கே கோடை வீடுகள் கட்டிக்கொண்டன. ஒன்று கிரேக்கக் கோயில் போலத் தூண்களோடு நிற்கும்; அடுத்தது சுவிட்சர்லாந்து மலை வீடு போல மரச் செதுக்கலோடு சாய்ந்த கூரை போட்டிருக்கும். யாரும் யாரோடும் ஒத்துப்போக நினைக்கவில்லை. கெஃபலாரி சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க அதுதான் சுவாரசியம்.

போவதும் எளிது. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் மெட்ரோவின் பச்சை நிற முதலாம் தடத்தின் கடைசி நிலையம் கிஃபிசியா. நகர நடுவில் இருக்கும் மொனாஸ்டிராகியில் ஏறினால் சுமார் முக்கால் மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரில் பூங்கா. வசந்த காலத்தில் மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான். அதைக் கடந்து மேலே ஏறினால் பிளாட்டனோஸ் சதுக்கம். பக்கத்திலேயே சிறிய கட்டிடம் ஒன்றுக்குள் ரோமானியக் கால சலவைக்கல் சவப்பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் கிரேக்கப் புராணத்து லீடாவையும், அன்ன வடிவில் அவளிடம் வந்த சூஸ் கடவுளையும் செதுக்கியிருக்கிறார்கள். ஹெரோடெஸ் குடும்பத்தாரின் கல்லறையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கடைக்குப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள்.

அடுத்து வர்சோஸ். 1892இல் ஏதென்ஸில் தொடங்கி, 1930களில் கிஃபிசியாவுக்கு வந்த பழைய பால் இனிப்புக் கடை. உயரமான கூரை, நீளக் கண்ணாடி அலமாரி, உள்ளே தட்டுத் தட்டாக மெரிங்கு என்ற முட்டை வெள்ளைக்கரு இனிப்பு. அரிசிப் பாயசத்துக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பான ரிசோகலோ மேலே பட்டைத் தூள் தூவிக் குளிரக் குளிரக் கிடைக்கும். கிரேக்க இனிப்பு என்றாலே பக்லாவா என்று நினைக்கிறவர்கள் இங்கே ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியிருக்கும் பிராண்டு கடைகளுக்காக யாரும் மெனக்கெட வேண்டாம். அவை எந்தப் பெருநகரத்திலும் இருப்பவைதான். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனால் காபிக் கடைகளில் தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கிஃபிசியாதான் பிடிக்கும்.

ப்ஸிஹிகோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1920களில் தோட்ட நகரமாகத் திட்டமிட்டுக் கட்டியது. வளைந்து வளைந்து போகும் தெருக்கள், தூதரக வீடுகள், 1925இல் நிறுவிய ‘ஏதென்ஸ் காலேஜ்’ என்ற புகழ்பெற்ற பள்ளி. அழகான இடம்தான், ஆனால் அழகெல்லாம் மதிலுக்கு உள்ளே. வெளியாளுக்கு உட்கார இடம் குறைவு. தெருக்களோ வழி தெரியாமல் சுற்ற வைக்கும். கட்டிடக் கலையில் ஆர்வம் இருந்தால் ஒரு மாலை நடக்கலாம், அவ்வளவுதான்.

கிஃபிசியாவுக்கு உண்மையான போட்டி வுலியாக்மெனிதான். குளிக்க வேண்டும் என்பவர்கள் என் பேச்சைக் கேட்காமல் அங்கேயே போகலாம். அங்குள்ள ஏரி ஒரு காலத்தில் குகை. கூரை இடிந்து விழுந்து ஏரியானது. ஒரு பக்கம் செங்குத்தான பாறைச் சுவர். நிலத்தடி ஊற்று நீரும் கடல் நீரும் கலப்பதால் லேசான உப்பு. ஆண்டு முழுக்க 22 முதல் 29 டிகிரி வெதுவெதுப்பு, அதனால் குளிர்காலத்திலும் வயதானவர்கள் வந்து மிதந்துகொண்டிருப்பார்கள். பூப்போலத் தோன்றும் நீர்வாழ் உயிரினமான கடல் சாமந்தியில், வேறெங்கும் இல்லாத ஒரு வகை இந்த நீரில் வாழ்கிறது. முட்டி வலியோடு பயணம் செய்யும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் யோசிக்கவே வேண்டாம், இந்த ஏரிதான்.

ஆனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் காசு. ஏரிக்கு நுழைவுக் கட்டணம், அஸ்டிர் கடற்கரைக்கு அதைவிடக் கூடுதல். கி.மு. 6ஆம் நூற்றாண்டு அப்பல்லோ கோயிலின் அடித்தளமும் தூண் துண்டுகளும் அந்தக் கட்டணக் கடற்கரைக்குள்ளேதான் சிக்கிக்கொண்டிருக்கின்றன. 2,500 ஆண்டுப் பழமையான கோயிலை அருகில் போய்ப் பார்க்கச் சாய்வு நாற்காலிக்காரர்களின் டிக்கெட்டை வாங்க வேண்டியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. போக்குவரத்தும் சுற்றுதான்: இரண்டாம் தடத்தில் எலினிக்கோ வரை மெட்ரோ, அங்கிருந்து 122ஆம் எண் பேருந்து.

ஆகஸ்டில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடக்குப் புறநகர்களின் பைன் காடுகள் தீப்பிடிக்கக்கூடியவை. 2021இல் பழைய அரச எஸ்டேட்டான தடோய் காடு எரிந்தது. 2024 ஆகஸ்டில் பென்டெலி மலைத் தீ, வடக்குப் புறநகரான வ்ரிலிசியாவின் வீடுகள் வரை வந்தது. பலத்த காற்றும் தீ எச்சரிக்கையும் உள்ள நாளில் கிஃபிசியாவை விட்டுவிட்டுக் கடல் பக்கம் போய்விடுங்கள். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் என்றால் தயங்காமல் வடக்கே போகலாம்.

சிலர் காலையில் கிஃபிசியா, மாலையில் வுலியாக்மெனி என்று திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். ஒன்று வடகோடி, மற்றது தென்கோடி. நகர நடுவில் ஒமோனியா நிலையத்தில் இறங்கி மெட்ரோ மாறி, எலினிக்கோவில் பேருந்துக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும்.