ஆவடியின் இரண்டு குழல்கள்: அர்ஜுனும் டி-90-ம்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் இரண்டு டாங்கிகளின் பீரங்கிக் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அர்ஜுனின் 120 மி.மீ. குழலுக்குள் சுருள் சுருளாக மரை ஓடும். டி-90 பீஷ்மாவின் 125 மி.மீ. குழல் தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருக்கும். ஊர் ஒன்று, ராணுவம் ஒன்று. ஆனால் இதன் குண்டை அதில் போட முடியாது.

மரை எதற்கு என்றால், பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்வரைதான் அது நிமிர்ந்து நிற்கும். குண்டின் மேல் உள்ள வளையம் மரையைக் கவ்விக்கொள்வதால் குண்டு சுழன்றபடி வெளியேறுகிறது; காற்றில் தலைகுப்புறக் கவிழாமல் குறியை நோக்கிப் போகிறது. ஆவடியில் முதலில் தயாரான விஜயந்தா டாங்கியின் 105 மி.மீ. பீரங்கியும் இந்த வகைதான்.

சரி, இவ்வளவு நல்ல மரையை 1960-களின் தொடக்கத்தில் சோவியத் ஆட்கள் டி-62 டாங்கியில் ஏன் கைவிட்டார்கள்? குண்டின் வடிவம் மாறிவிட்டது. கனமான கவசத்தைத் துளைக்க ஒல்லியான, நீண்ட உலோக ஈட்டி வேண்டும். நீளம் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கைத் தாண்டினால் சுழற்சியால் அதை நிலையாக வைத்திருக்க முடியாது. ஆகவே அம்புக்கு இறகு வைப்பதுபோல வாலில் துடுப்பு வைத்தார்கள். துடுப்பு வந்ததும் மரைக்கு வேலை போய்விட்டது. உள்வெடித்துச் செம்புத் தாரையைப் பீய்ச்சும் குண்டுக்கோ சுழற்சி நேரடி எதிரி. தாரை சிதறி, துளைக்கும் ஆழம் குறைந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஏஎம்எக்ஸ்-30 டாங்கியில் மரையையும் விடாமல், வெடிமருந்தை மட்டும் பால்பேரிங்கில் உட்கார வைத்து, வெளிக்கூடு சுற்ற உள்ளே சும்மா இருக்கும்படி ஒரு குண்டு செய்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இவ்வளவு பாடு எதற்கு?

அர்ஜுனும் ஈட்டிக் குண்டைச் சுடும். வழுக்கும் வளையம் ஒன்றைப் போட்டு, மரையின் சுழற்சி ஈட்டிக்கு அதிகம் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதாவது, மரையைப் போட்டுவிட்டு அதை ஏமாற்றவும் வழி தேடுகிறார்கள்.

மரை உண்மையில் ஜெயிக்கும் இடம் ஹெஷ் குண்டு. சுவரில் வறட்டி தட்டுவதுபோல இலக்கில் அப்பிக்கொண்டு வெடிக்கும். சுழற்சி அதைப் பரவ வைக்கும். பதுங்குகுழி, கட்டடம் என்றால் பிரமாதம். இன்றைய பல அடுக்குக் கவசத்தின் மேல் பெரிதாகப் பலிக்காது.

குழல் வழியே ஏவுகணை விடுவதை மரைக்கு எதிரான வாதமாகச் சிலர் சொல்வார்கள். டி-90 அதை வழக்கமாகச் செய்கிறது என்பது சரி. ஆனால் 2020 செப்டம்பரில் அகமத்நகர் சுடுதளத்தில் அர்ஜுனும் லேசர் வழிகாட்டும் ஏவுகணையைச் சுட்டுக் காட்டியது. அர்ஜுன் குறி தவறாது என்ற பேருக்கும் மரையை மட்டும் காரணமாக்குவது சரியல்ல. குறிபார்க்கும் கருவியும், ஓட்டத்திலும் குழலை அசையாமல் பிடிக்கும் ஏற்பாடும்தான் அதில் பெரும்பங்கு என்பது என் கணிப்பு.

என் ஓட்டு வழவழக் குழலுக்கு. மரை மோசம் என்பதால் அல்ல, குண்டுக்காகத்தான். 120 மி.மீ.யில் மரையைப் பிடிவாதமாக வைத்திருந்த பிரிட்டனே தன் சாலஞ்சர் 3 டாங்கிக்கு ஜெர்மன் நிறுவனமான ரைன்மெட்டாலின் மரையில்லாக் குழலைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மற்ற நேட்டோ நாடுகளின் குண்டையே இனி வாங்கிக்கொள்ளலாம். நம்மிடம் டி-72-க்கும் டி-90-க்கும் ஒரே 125 மி.மீ. அர்ஜுனோ முதலில் 124, பிறகு 2021-இல் ஆர்டர் போட்ட மார்க்-1ஏ 118, மொத்தம் 242 வண்டி. அவற்றுக்காக மட்டும் தனியாக ஒரு குண்டு வரிசையை வடிவமைத்து, சோதித்து, தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.