90 கிரெயின் போதும்: மஸில்லோடருக்கான மருந்தும் குண்டும், சுட்டுப் பார்த்துச் சொல்வது

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் புத்தாண்டு முடிந்த கையோடு, மஸில்லோடர் என்ற வாய்வழி மருந்திடும் துப்பாக்கியால் மான் வேட்டையாட நான்கு நாள் சீசன் வரும். போன முறை அதற்காக ஆகஸ்ட் கடைசியிலிருந்தே ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் ரேஞ்சில் கிடந்தேன். 0.50 காலிபர் (குழாயின் உள் அகலம் அரை அங்குலம்) இன்லைன் துப்பாக்கி (பற்றவைப்பு குழாய்க்கு நேர் பின்னால் இருக்கும் நவீன வகை) ஒன்று, மூன்று வகை வெடிமருந்து, ஐந்து வகைக் குண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 90 கிரெயின் ட்ரிப்பிள் செவன் தூள், அதன் மேல் சேபோ என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்த 240 கிரெயின் ஹார்னடி எக்ஸ்டிபி குண்டு. என் துப்பாக்கிக்குச் சரியாக வந்தது இதுதான். உங்கள் துப்பாக்கிக்கு வேறு ஏதாவது பிடிக்கலாம், அதனால் நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ச் செய்திகளில் மலைக்கிராமத்தில் பிடிபட்டதாக வருமே நாட்டுத் துப்பாக்கி, அதே தத்துவம்தான். குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்கி, ஒரே ஒரு முறை சுடலாம். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். இங்கே வெள்ளைவால் மானுக்கு உரிமம், பெர்மிட், சீசன், ஆளுக்கு இத்தனை என்ற கணக்கு எல்லாம் உண்டு. கிரெயின் என்பது எடை அளவு, 7000 கிரெயின் ஒரு பவுண்டு, 100 கிரெயின் சுமார் ஆறரை கிராம். ஆனால் இந்த மருந்தைத் தராசில் நிறுப்பதில்லை, அளவுக் குழாயில் ஊற்றித்தான் அளக்க வேண்டும். 100 கிரெயின் கருமருந்து பிடிக்கும் இடத்தில் எவ்வளவு தூள் கொள்கிறதோ அதுதான் 100 கிரெயின் "அளவு". இதைக் குழப்பிக்கொண்டால் விபத்துதான். அப்புறம், சாதாரண ரைஃபிள் தோட்டாவுக்குப் போடும் புகையில்லா மருந்தை இந்தத் துப்பாக்கியில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, குழாய் வெடித்துவிடும்.

முதலில் மாத்திரை வடிவ வெடிமருந்து. ஒவ்வொன்றும் 50 கிரெயினுக்குச் சமமாக அழுத்திச் செய்தவை, இரண்டு போட்டால் 100, மூன்று போட்டால் 150. குளிரில் விரல் மரத்துப் போன நேரத்தில் இதைவிட வசதி வேறு இல்லை. ஆனால் 50, 100, 150 என்று படிக்கட்டு மாதிரிதான் ஏற முடியும். நடுவில் 85, 90 என்று நுணுக்கிப் பார்க்க வழியில்லை, துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்று தேடுவதே அந்த நடு இடத்தில்தான். நான் துப்பாக்கி வாங்கிய கடையில் மூன்று மாத்திரை போடுங்கள், மான் நின்ற இடத்திலேயே விழும் என்று அடித்துச் சொன்னார்கள். நம்பி ஒரு நாள் முழுக்க அப்படியே சுட்டேன். தோள் இரண்டு நாள் வலித்தது மட்டும் மிச்சம், 100 கஜத்தில் மூன்று குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. இரண்டு மாத்திரைக்கு இறங்கியதும் அதே குண்டு, அதே துப்பாக்கி, உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. கூடுதல் மருந்தில் ஒரு பகுதி குழாய்க்குள் எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது. மிச்சம் வெறும் நெருப்பாகவும் உதையாகவும்தான் வருகிறது.

அடுத்தது ட்ரிப்பிள் செவன் தூள். ஹாட்ஜ்டன் நிறுவனத்துடையது, கந்தகம் கிடையாது, அதனால் அழுகிய முட்டை நாற்றம் இல்லை, வெந்நீர் ஊற்றித் துடைத்தாலே குழாய் சுத்தமாகிவிடும். இதற்காகவே எனக்கு இது பிடிக்கும். கவனிக்க வேண்டியது: அதே அளவு கருமருந்தைவிட இது சுமார் 15 சதவீதம் வேகம் கூடியது, எனவே பழைய கருமருந்துக் கணக்கை அப்படியே போடாமல் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, எரிந்த கசடு குண்டு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வளையமாகப் படிந்துவிடும். துடைக்காமல் இரண்டாவது குண்டை இறக்கினால் அந்த வளையத்தில் முட்டி நின்றுவிடும், முழுக்க இறங்கிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுடுவது குழாயையே பிளக்கக்கூடிய காரியம். ஒவ்வொரு சுடலுக்கும் பிறகு ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று, அவ்வளவுதான் வேலை. கம்பியில் சரியான ஆழத்துக்கு ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். கோடு குழாயின் வாயோடு ஒட்டி நிற்காவிட்டால் ப்ரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியை, தொடவே தொடாதீர்கள்.

பிளாக்ஹார்ன் 209 மூன்றாவது. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், துடைக்காமலே வரிசையாகச் சுட்டேன், குண்டு ஒரே மாதிரி இறங்கியது. விலைதான் கசக்கிறது, 10 அவுன்ஸ் டப்பாவில் வருகிறது, அவுன்ஸ் கணக்குப் பார்த்தால் மற்றதைவிடக் கணிசமாகக் கூடுதல். பற்றவைப்பதிலும் பிடிவாதம் உண்டு. மஸில்லோடருக்கென்று வரும் மென்மையான ப்ரைமர் இதற்குப் போதாது, முழு வீரியமுள்ள ஷாட்கன் 209 ப்ரைமர் வேண்டும், குழாயின் பின்பக்கத்தை அடைக்கும் ப்ளக்கும் இதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ட்ரிப்பிள் செவனுக்கு நேர் எதிர் இது, அங்கே ப்ரைமர் மென்மையாக இருந்தால்தான் கசடு வளையம் குறையும். சுத்தம் செய்ய வெந்நீரும் உதவாது, கரைப்பான் வாங்க வேண்டும். நீண்ட தூரம் சுடுபவர்களுக்கு இந்தச் செலவு நியாயம். நான் உட்காரும் காட்டில் 120 கஜத்துக்கு அப்பால் மரம்தான் தெரியும், எனக்குத் தேவைப்படவில்லை.

சரி, குண்டுக்கு வருவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் குழாய்க்குள் இருக்கும் சுருள் வரி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்காமல் குண்டு வாங்கிவிடுகிறார்கள். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சேபோவும் நீளக் குண்டும். 48, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் துணி சுற்றிய உருண்டை ஈயக்குண்டு அதற்குச் சரியான ஜோடி. 0.490 அங்குல உருண்டை 177 கிரெயின்தான் இருக்கும், காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், ஆனாலும் 50, 60 கஜத்தில் அது தன் வேலையைச் செய்துவிடும். பென்சில்வேனியாவில் 1974இல் தொடங்கிய ஃப்ளின்ட்லாக் (கல் உரசித் தீப்பொறி தரும் பழைய வகைத் துப்பாக்கி) சீசனில் பல ஆண்டுகளாக அதைவைத்து மான் எடுத்து வந்திருக்கிறார்கள். என் குழாய் 1:28. ஆசைக்கு உருண்டை போட்டுப் பார்த்தேன், 50 கஜத்தைத் தாண்டினால் எங்கே போகும் என்று சொல்ல முடியவில்லை.

சேபோ என்றால் பிளாஸ்டிக் கிண்ணம். குழாயைவிடச் சிறிய குண்டை அது கவ்விப் பிடித்துக்கொண்டு போய் வெளியே வந்ததும் விட்டுவிடும். எக்ஸ்டிபி அடிப்படையில் கைத்துப்பாக்கிக் குண்டு, மஸில்லோடர் தருகிற நடுத்தர வேகத்தில் சீராக விரியும். 90 கிரெயினில் 100 கஜத்தில் மூன்று துளையும் இரண்டு அங்குலத்துக்குள் நின்றன, வெவ்வேறு சனிக்கிழமைகளிலும் அதே கதை. ஹார்னடியின் 250 கிரெயின் எஸ்எஸ்டி குண்டும் கிட்டத்தட்ட அதே அளவு நன்றாக வந்தது, கூர்மையான முனை என்பதால் தூரத்தில் இன்னும் கொஞ்சம் தேவலை. செம்பில் செய்த பார்ன்ஸ் நிறுவனக் குண்டு உடையாது, ஈயத்துணுக்கு கறியில் கலக்காது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் என்றால் அதையே எடுங்கள் என்பேன், அடுத்த சீசனுக்கு நானும் அதற்கு மாறத்தான் யோசிக்கிறேன். ஐந்தாவதாக வாங்கியது விலை குறைந்த ஒரு பாக்கெட், பெயர் வேண்டாம். செப்டம்பரில் சுமாராக இறங்கிய சேபோ, பூஜ்ஜியத்துக்குக் கீழே போன டிசம்பர் காலையில் பிளாஸ்டிக் விறைத்துக் கம்பியையே வளைக்கப் பார்த்தது. அதனால் எந்தச் சேபோவானாலும் குளிரிலும் ஒரு முறை இறக்கிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள்.

கொலராடோ போகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் பாதி உதவாது. அங்கே மஸில்லோடர் சீசனில் மாத்திரையும் சேபோவும் ஸ்கோப்பும் அனுமதி இல்லை, தூள் மருந்தும், சேபோ இல்லாமல் குழாய் அகலத்துக்கே இருக்கும் குண்டும்தான். வாங்குவதற்கு முன்னால் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

ஜனவரியில் மூன்றாம் நாள் மாலை ஒரு பெண் மான் ஓடையைத் தாண்டி வந்து 70 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால், நுரையீரல் இருக்கும் இடம். சுட்டதும் புகை முழுக்க மறைத்துவிட்டது, எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியவில்லை, அந்தப் பத்து விநாடி எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பனியில் ரத்தம் இரண்டு பக்கமும் தெறித்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. குண்டு உள்ளே போய் விரிந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது, மான் 40 கஜத்துக்குள் விழுந்துகிடந்தது. அதற்கு அதிக வேதனை இருந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். 150 கிரெயின் போட்டுத் தோளை இறுக்கிக்கொண்டு பயந்து பயந்து விசையை இழுத்திருந்தால் அந்தக் குண்டு அங்கே போயிருக்காது.

மிச்சம் ஒன்று. சில நேரம் விசையை இழுத்ததும் வெடிக்காமல் தாமதமாக வெடிக்கும், குழாயைக் குறியை விட்டுத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள். ராத்திரி ப்ரைமரைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைக் குளிரிலேயே பூட்டி வையுங்கள், சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் குழாய்க்குள் வியர்த்து மருந்து ஈரமாகிவிடும். சுட்ட அன்றே கழுவிவிடுங்கள், ட்ரிப்பிள் செவன் கசடு ஈரத்தை இழுத்து ஒரே வாரத்தில் துரு பிடிக்க வைக்கும். ப்ளக் மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், நான் ஒரு முறை மறந்து அதைக் கழற்ற அரை நாள் ஆனது.