தாள் பேப்பரா, இணையச் சந்தாவா?

"தம்பி, பேப்பர் போடுறவரை நிறுத்திட்டு ஆன்லைன் சந்தா கட்டிடவா?" என்று காரைக்குடி அண்ணன் ஒருவர் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை.

செலவு: தாளுக்கு மாதாமாதம் கணக்கு, பழைய பேப்பரை எடைக்குப் போட்டால் கொஞ்சம் திரும்பி வரும். இணையத்தில் வருடச் சந்தா மலிவுதான். ஆனால் அது முதல் வருடச் சலுகையா என்று பாருங்கள். ஆட்டோபே போட்டுவிட்டு மறந்தால், அடுத்த வருடம் முழு விலை கணக்கிலிருந்து போய்விடும். என் பணம் அப்படித்தான் போனது.

உள்ளூர்ச் செய்தி: தாளில் மாவட்டப் பக்கம் தானாகக் கைக்கு வரும். இணையத்தில் தேடிப் போக வேண்டும்.

வீடு பூட்டிக் கிடந்தால்: செட்டிநாட்டில் இதுதான் பெரிய கேள்வி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், பெரியவர்கள் பாதி நாள் அவர்களோடு. திண்ணையில் குவியும் பேப்பர், வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே சொல்லிவிடும். சந்தாவோ கூடவே வரும்.

கண்: தளத்தில் எழுத்தைப் பெரிதாக்கலாம். தாளை அப்படியே காட்டும் இ-பேப்பரைப் போனில் படிப்பது தலைவலி. டேப்லெட் இருந்தால் சரி. தளம், இ-பேப்பர் இரண்டும் ஒரே சந்தாவில் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சீடை, முறுக்கு எடுத்து வைக்க எதை விரிப்பது என்று அப்பத்தா கேட்டால் என்னிடம் பதிலில்லை.

தமிழ் நாளிதழ் மட்டும் போதுமென்றால் தாளே வாங்குங்கள். பல செய்திகளை அவர்கள் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். 'தி இந்து' மாதிரி ஆங்கில நாளிதழை ஆழமாகப் படிப்பவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, அடிக்கடி ஊர் மாறுபவர், இவர்களுக்குச் சந்தா. அண்ணன் வருடத்தில் ஆறு மாதம் சிங்கப்பூரில். கட்டச் சொல்லிவிட்டேன்.