நீலச் சட்டையில் மஞ்சள் இலக்கம்: 22 ஜேர்சி அடித்த கதை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். தையல் அருமை. மூன்று மாதமாகச் செம்மண்ணிலும் புல்லே இல்லாத தரையிலும் விழுந்து புரண்டு, ஆளை ஆள் சட்டையில் பிடித்து இழுத்தும், எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் 22 சட்டையில் ஒன்றில்கூட நூல் பிரியவில்லை. யாழ்ப்பாண நகரத்துக்குள் இருக்கிற ஒரு ஜேர்சி அடிக்கும் கடை. பெயர் போடவில்லை. கடைக்காரர் கெட்ட மனிதர் இல்லை, நான் எழுதப்போவது எல்லாம் நல்லதும் இல்லை, அதனால்தான். ஒரு சட்டை 1,650 ரூபா, இலக்கத்தோடு. கொலர் வைத்தால் 150 ரூபா கூட. நாங்கள் வட்டக் கழுத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஊர்க் கழகங்களின் கணக்குவழக்குத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: பந்து கனடாவில் இருந்து வரும், வலை சுவிஸில் இருந்து வரும், சட்டைக்குக் காசு தருகிறவர் பெயர் நெஞ்சில் வரும். இந்த முறை எங்களுக்குக் காசு அனுப்பியது என் சித்தப்பா. பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, சட்டை ஷால்கே 04இன் நீலத்தில் இருக்கவேண்டும். எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போய், கெல்சன்கிர்ஹனில் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவித் தொடங்கிய மனிதர். அந்த ஊரின் உதைபந்தாட்டக் கழகம்தான் ஷால்கே. கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர், மற்றச் சனிக்கிழமைகளில் ஷால்கே, இதுதான் அவருடைய நாட்காட்டி.

கடையில் கணினிக்கு முன்னால் ஒரு பெடியன் இருந்தான், வயது இருபது இருக்கும், கை வேகம். ரியல் மட்ரிட், பார்சிலோனா, மன்செஸ்டர் சிட்டி, எல்லாம் அச்சு வடிவம் தயாராக வைத்திருக்கிறான், சென்னை சூப்பர் கிங்ஸ்கூட உண்டு. ஷால்கே இல்லை. கடைக்கார அண்ணை தலையை நீட்டிக் கேட்டார்:

"உது வெல்லுற ரீமோ தம்பி?"

ஏழு தரம் ஜேர்மன் சம்பியன் அண்ணை என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"கடைசியா எப்ப?"

"1958."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி சொல்லிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2020 ஜனவரிக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் லீக்கில் தொடர்ந்து 30 ஆட்டம் வெல்லாமல் இருந்த கழகம் இது. 2021இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, 2022இல் ஏறி, 2023இல் மறுபடியும் இறங்கியது. இதை யார் காசு கொடுத்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிவார்கள் என்று நானும் சித்தப்பாவிடம் கேட்டேன். பதிலுக்கு வட்ஸ்அப்பில் ஒன்பது நிமிடக் குரல் பதிவு வந்தது.

சுருக்கிச் சொன்னால் இதுதான். 1904இல் ஷால்கே என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், பதினான்கு பதினைந்து வயதுப் பெடியன்கள் சேர்ந்து வெஸ்ற்பாலியா ஷால்கே என்று தொடங்கியது. உதைபந்தாட்டச் சங்கத்தில் சேர்க்கச் சொல்லி வருடக்கணக்காக அலைந்திருக்கிறார்கள். பக்கத்தில் கொன்சொலிடேஷன் என்ற பெரிய சுரங்கம், அப்பன் கீழே இறங்குவான், மகனும் கீழே இறங்குவான், மேலே வந்து முகம் கழுவிவிட்டுப் பந்தடிக்கப் போவார்கள். கழகத்துக்கு இன்றைக்கும் பட்டப்பெயர் குனாப்பன், அதாவது சுரங்கத் தொழிலாளர். பலருடைய குடும்பங்கள் கிழக்கே, இன்றைய போலந்தில் இருக்கிற மசூரியாப் பக்கத்தில் இருந்து பிழைப்புக்கு வந்தவை. செபான், குசோரா, திபுல்ஸ்கி என்று பெயர்களைக் கேட்டதுமே மற்ற ஊர்க்காரர் போலாக்குகளின் கழகம் என்று, போலந்துக்காரரை இழிவாகச் சொல்கிற சொல்லால், நக்கலடித்தார்கள். சித்தப்பா இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தித் தொண்டையைச் செருமினார், அகதி முகாமில் அவரை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களோ தெரியாது.

எர்ன்ஸ்ற் குசோராவும் ஃபிறிற்ஸ் செபானும் மச்சான்மார். பேச்சுக்கு அல்ல, உண்மையாகவே: செபான் கட்டியது குசோராவின் சகோதரியை. இரண்டு பேரும் சேர்ந்து பந்தைக் காலுக்குக் கால் குறுகக் குறுகக் கொடுத்து எதிரணியைச் சுற்றவைக்கிற ஆட்டத்துக்கு அங்கே வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் பம்பரம். 1934 இறுதியாட்டம், பேர்லின், எதிரே நூர்ன்பெர்க். ஷால்கே ஒரு கோல் பின்னால். 88ஆவது நிமிடத்தில் செபான் சமன் செய்கிறார். குடலிறக்க நோவோடு ஓடிக்கொண்டிருந்த குசோரா 90ஆவது நிமிடத்தில் அடித்துவிட்டு அப்படியே விழுந்துவிடுகிறார். முதல் கிண்ணம். சித்தப்பா இதைச் சொல்லும்போது ஏதோ தான் கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தது மாதிரி.

அதற்கு முன்னால் 1930இல் நடந்ததும் சொல்லவேண்டும். ஆட்டக்காரருக்கு அனுமதித்ததைவிடக் கூடக் காசு கொடுத்தார்கள் என்று 14 பேருக்குத் தடை. கழகத்தின் காசு பார்த்தவர் அவமானம் தாங்காமல் கால்வாயில் விழுந்து செத்துப்போனார். தடை நீங்கி 1931 ஜூனில் டுசல்டோர்ஃபோடு ஒரு நட்பாட்டம், கிண்ணமும் இல்லை புள்ளியும் இல்லை, 70,000 பேர் வந்து நின்றார்கள்.

சரி, சட்டைக்கு வருகிறேன்.

இந்தக் கடையில் செய்வது சப்லிமேஷன் முறை. வெள்ளைப் பொலியெஸ்டர் துணி, வடிவத்தைக் காகிதத்தில் அச்சடித்து, சூட்டு அழுத்தியில் வைத்து அமுக்கினால் சாயம் ஆவியாகித் துணிக்குள் இறங்கும், பிறகு வெட்டித் தைப்பார்கள். அதனால் முன்பக்கப் படம் உரியாது, வெடிக்காது. ஆனால் நீலம் மட்டும் ஒரு சனியன். திரையில் பார்க்கிற நீலம் வேறு, துணியில் விழுகிற நீலம் வேறு, சூடு கொஞ்சம் மாறினாலும் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். இதை முதல் நாளே சொல்லி, ஒரு சின்னத் துண்டில் அடித்துக் காட்டியிருக்கவேண்டும். கேட்டேன். "பிரச்சினை இல்லை தம்பி, நாங்கள் எத்தனை அடிச்சிட்டம்" என்றார். நீங்கள் இப்படியான கடைக்குப் போனால் தயவுசெய்து அந்தத் துண்டு வராமல் முற்பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னது செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கரண்ட் போனதாம். பரவாயில்லை, ஆட்டம் ஞாயிறு. பொதியைப் பிரித்தோம். நீலம் வந்திருக்கிறது, கொஞ்சம் வெளிறி. முதுகைத் திருப்பினால் இலக்கம் எல்லாம் பளிச்சென்று மஞ்சள்.

பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷால்கேக்குப் பக்கத்து நகரம் டோர்ட்மண்ட். டோர்ட்மண்டின் நிறம் மஞ்சள், கறுப்பு. இந்த இரண்டு ஊருக்கும் இருக்கிற பகை நம்முடைய பெரிய பள்ளிக்கூடங்களின் கிரிக்கெற் பகையை விட மோசம், இங்கே மூன்று நாளில் முடிந்துவிடும், அங்கே கலியாண வீட்டிலும் தொடரும். ஷால்கே ஆட்களில் பலர் டோர்ட்மண்டின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். நான் கொடுத்த படத்தில் இலக்கம் வெள்ளை. வெள்ளை என்று கொப்பியிலும் எழுதியிருக்கிறது.

"நீலத்துக்கு வெள்ளை எடுபடாது தம்பி. மஞ்சள் போட்டால்தான் தூக்கலா இருக்கும். உங்கட நன்மைக்குத்தான் மாத்தினது."

உங்கள் நன்மைக்கு. அதுதான் எனக்குக் கோபம். பிழை விட்டால் பிழை விட்டோம் என்று சொன்னால் முடிந்தது.

படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன், முன்பக்கம் மட்டும். இரண்டு நிமிடத்தில் பதில்: "டேய், இது போகும் நீலமடா." போகும் என்பது போய்விடும் என்ற அர்த்தத்தில் அல்ல, அதுவும் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர்தான், அந்த ஊர்க் கழகமும் நீலம் வெள்ளை. நீலத்திலேயே இவ்வளவு பார்க்கிற மனிதருக்கு முதுகை எப்படிக் காட்டுவது? கடைசியில் காட்டினேன். அன்றைக்குக் குரல் பதிவு வரவில்லை. அடுத்த நாள் நான் தேடிப்பிடித்து ஒரு வாதம் வைத்தேன்: 1904இல் தொடங்கியபோது கழகத்தின் நிறமே சிவப்பும் மஞ்சளும்தானே, நீலம் வெள்ளை 1924இல் தானே வந்தது, அப்படிப் பார்த்தால் இது பழைய பாணி. "அப்ப நீ 1904இல போய் விளையாடு" என்று எழுதிவிட்டு ஆள் போய்விட்டார்.

திரும்பக் கடைக்குப் போனேன். முன்னால் சத்தம் போட்டுப் பயனில்லை என்று பின்னறைக்குள் போனபோதுதான் தைக்கிறவரைப் பார்த்தேன். அறுபது வயது தாண்டிய நானா, ஐந்துசந்திப் பக்கம். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னபோது, வாப்பாவின் தையல் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போன பெடியன். புத்தளத்தில் கால்நூற்றாண்டுக்கு மேல் தைத்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது இன்னொருவர் கடையின் பின்னறையில் தைக்கிறார். கமக்கட்டில் ஒரு முக்கோணத் துண்டு கூட வைத்துத் தைத்திருந்தார், நாங்கள் கேட்கவே இல்லை. "கோல் காக்கிறவர் கையைத் தூக்கினா மேல் முழுக்க ஏறும், அதான்" என்றார். எங்கள் கோல்காப்பாளரை அவர் ஒரே ஒரு தரம், அளவு கொடுக்க வந்தபோது பார்த்திருக்கிறார். உள்ளே ஓவர்லொக், அதற்கு மேல் இன்னொரு ஓட்டம். 1,650 ரூபாவில் பாதிக்குமேல் அந்த மனிதருக்குப் போனால் எனக்குச் சந்தோஷம், போகாது என்று தெரியும்.

சித்தப்பா ஒன்பது நிமிடத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம் அப்போது நினைவுக்கு வந்தது. ஏழு கிண்ணத்தில் ஆறு, 1934இல் இருந்து 1942 வரை, ஹிட்லர் காலத்தில் வென்றவை. 1938இல் யூதர்களின் கடைகளைப் பிடுங்கிக் கைமாற்றியபோது ஷால்கே சந்தையடியில் இருந்த ஒரு துணிக்கடையை எடுத்துக்கொண்டது இதே செபான், பம்பரம் சுற்றிய செபான். கடைக்காரர்கள் பிறகு கொல்லப்பட்டார்கள். பின்னாளில் புதிய அரங்கத்தடியில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைக்கப் பார்த்து, இதனால் கைவிட்டிருக்கிறார்கள். நானாவிடம் ஷால்கே பற்றி நிறையச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

தீர்வு என்று கடைக்காரர் சொன்னது: வெள்ளை வைனைல் தாளில் இலக்கம் வெட்டி மஞ்சளுக்கு மேல் சூடு வைத்து ஒட்டித் தருவது, சட்டைக்கு 200 ரூபா. இலவசமாகச் செய்யவேண்டும் என்றேன். இழுபறிக்குப் பிறகு 100. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்திருந்து தந்தார், அதற்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். ஞாயிறு ஆட்டத்துக்கு வெள்ளை இலக்கத்தோடு இறங்கினோம், 1–3 தோல்வி. எதிரணி கடற்றொழிலுக்குப் போகிற பெடியன்கள், விடிய வலை இழுத்துவிட்டு வந்து எங்களைப் பம்பரம் சுற்றினார்கள்.

அப்பப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், 1990இல் அது நின்றுபோகும் வரை. சித்தப்பா வளர்ந்தது அந்தப் புழுதியில், போய்ச் சேர்ந்தது நிலக்கரிப் புழுதியில். ஜேர்மனியின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமும் 2018 டிசம்பரில், கெல்சன்கிர்ஹனுக்கு அடுத்த பொற்றொப்பில் மூடியாயிற்று. சுரங்கம் எல்லாம் போனபிறகும் ஆட்டக்காரர் மைதானத்துக்கு வருகிற வழியைச் சுரங்கப் பாதை மாதிரியே கட்டி வைத்திருக்கிறார்களாம், ஆட்டத்துக்கு முன் சுரங்கத் தொழிலாளரின் பழைய பாட்டை முழு அரங்கமும் எழும்பி நின்று பாடுமாம். காங்கேசன்துறையில் யாரும் எதற்கும் பாடவில்லை என்று மட்டும் சொன்னார்.

துணி பற்றி: மதிய வெயிலில் போடாதீர்கள், வேர்வை வெளியே போகாது, முதுகில் பிளாஸ்ரிக் கட்டியது போல் இருக்கும். அளவு சரி. நிறம் பத்துக்கு ஐந்து, தையல் பத்துக்குப் பத்து, வாடிக்கையாளரை மதிக்கிற விஷயத்தில் மூன்று. திரும்பப் போவேனா என்றால் போவேன், நானா இருக்கும்வரை, வெள்ளை என்பதை மூன்று இடத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு.

ஒட்டிய இலக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சப்லிமேஷன் சாயத்துக்கு மேல் சூடு வைத்தால் கீழே இருக்கிற சாயம் மெல்ல மேலே ஏறுமாம், அதைத் தடுக்கிற வைனைல் வேறு, அது விலை கூட. எங்களுக்குப் போட்டது சாதாரணம். ஆறு கழுவலில் வெள்ளை எல்லாம் வாழைப்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. 9ஆம் இலக்கத்தில் ஓரம் உரிந்து, அசல் மஞ்சள் தெரிகிறது. சித்தப்பா ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார்.