சொந்தமா, வாடகையா, இரவலா? கல்லூரி நூலகத்தின் பட்ஜெட் கணக்கு

கல்லூரி நூலகத்துக்கு ஒதுக்கப்படும் பணத்தைச் செலவழிக்க மூன்று வழிகள் உண்டு. புத்தகமாக வாங்கி, ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் போட்டுப் பதியும் அக்செஷன் பதிவேட்டில் ஏற்றலாம். மின்னிதழ், மின்னூல் தொகுப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம். இல்லாததை இன்னொரு நூலகத்திடம் இரவல் கேட்கலாம். தமிழ்நாட்டின் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றை மனதில் வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் அச்சுப் புத்தகம். துறைகளிலிருந்து இன்டென்ட் (தேவைப் பட்டியல்) வர வேண்டும், நூலகக் குழு ஒப்ப வேண்டும், கொட்டேஷன் வாங்க வேண்டும். பில்லோடு புத்தகம் வந்தால் விலை சரிபார்த்து, அக்செஷன் எண் போட்டு, பொருள்வாரியாக அடுக்குவதற்கான டியூயி எண் எழுதி, முதுகில் லேபிள் ஒட்ட வேண்டும். முறையாக நடந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பல இடங்களில் நடப்பது வேறு. மார்ச் மாதம் பணத்தை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி வரும். சப்ளையர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார். ஆசிரியர்கள் அதிலிருந்து பொறுக்குவார்கள். பாடத்திட்டத்துக்கு எது தேவை என்பதைவிட அவரிடம் எது தேங்கிக் கிடக்கிறது என்பதே அங்கே முடிவாகிறது. பெரிய தள்ளுபடி தருகிறேன் என்பவர் கொண்டுவரும் புத்தகத்தின் அட்டை விலையையும் பக்க எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள், தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி, பத்துத் தலைப்பில் ஒவ்வொரு பிரதியா, ஒரே தலைப்பில் பத்துப் பிரதியா? கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய வரும் நாக் குழுவுக்குக் காட்ட முதலாவது அழகாக இருக்கும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் வேண்டும். அடிப்படைப் பாடநூல்களுக்கு நான் பிரதிகள் பக்கம்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்ற விதியை 1931-லேயே எழுதிவைத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர்தான்.

சந்தா என்பது ஒருவகை வாடகைதான். அந்த வகையில் என்-லிஸ்ட் என்ற மின்வளத் தொகுப்பைத் தனியாக வைத்துப் பேச வேண்டும். குஜராத்தின் காந்திநகரிலுள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் வழியாக 2010 முதல் கல்லூரிகளுக்குக் கிடைக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னிதழ்கள், லட்சத்துக்கும் மேலான மின்னூல்கள். உதவிபெறும் கல்லூரிக்கு ஜிஎஸ்டியோடு ஆண்டுக்கு 5,900 ரூபாய். சுயநிதிக் கல்லூரி என்றால் 35,400. முதல் தொகைக்கு வெளிநாட்டுப் பாடநூல் ஒன்றிரண்டுதான் வாங்க முடியும். இதைக் கட்டாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது. ஆனால் கட்டிவிட்டு மாணவர்களுக்கு லாகின் உருவாக்கிக் கொடுக்காத கல்லூரிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு ஐடி போட்டுக் கொடுத்தால் வீட்டிலிருந்து போனிலேயே படிக்கலாம்; படித்து முடித்துப் போனவர்களை ஆண்டுதோறும் நீக்க வேண்டும். பராமரிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். குறை ஒன்று உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைக்கு அதனால் பெரிதாக லாபமில்லை.

தனியார் விற்கும் மின்னூல் தொகுப்புகள் வேறு கதை. சந்தாவை நிறுத்திய மறுநாள் அலமாரி காலி. விற்க வருபவரிடம், இது நிரந்தர உரிமையா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம், சென்ற ஆண்டுப் பயன்பாட்டு அறிக்கை தருவீர்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 முதல் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்லூரிக்கு அது வரப்பிரசாதம். தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு முதற்கட்டத்தில் இடமில்லை.

இரவலுக்கு 1988-இல் டெல்லியில் தொடங்கிய டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பு இருக்கிறது. உறுப்பினரானால் வேறு நூலகத்துப் புத்தகத்தையோ கட்டுரை நகலையோ வரவழைக்கலாம். பிஎச்.டி. செய்பவர்களுக்கு உதவும். நாளை மறுநாள் தேர்வுள்ள மாணவனுக்கு உதவாது.

வாங்கிய பிறகுதான் உண்மையான வித்தியாசம் தெரியும். மின்வளத்துக்குக் கரையான் இல்லை, அந்துருண்டை வேண்டாம். அச்சுக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது இருப்புச் சரிபார்ப்பு, உண்டு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள்படி, 20,000 தொகுதிகள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பயன்பாட்டில் போய்வந்த ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று அந்த விதிகளே ஏற்கின்றன. அப்படியிருந்தும் நம் ஆட்களுக்கு ரைட் ஆஃப் (கணக்கிலிருந்து நீக்குவது) என்றாலே நடுக்கம், தொலைந்ததற்குத் தங்கள் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று. எனவே எதையும் கழிப்பதில்லை. பொறியியல் கல்லூரிகளில் இது இன்னும் மோசம். அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) 2013, 2017, 2021 என்று மாறிக்கொண்டே போக, பழைய பாடத்திட்டத்துக்கு உள்ளூர் ஆசிரியர்கள் எழுதிய 'லோக்கல் ஆதர்' புத்தகங்கள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளில் ஐந்தாண்டாக இரவல் போகாத நூல்களின் பட்டியலை எடுத்துவிடலாம். அதைத் துறைக்கு அனுப்பி, வேண்டாம் என்று எழுதி வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

தமிழ் நூல்களுக்கு மட்டும் நான் அச்சை விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசம், பிஎச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இலவசம். புதிதாக வருபவற்றைச் சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகளே அச்சிடுகின்றன. அந்த ஆண்டு விட்டால் பிறகு கிடைக்காது, எந்தத் தொகுப்பிலும் வராது. பொங்கலையொட்டிய சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூலகரையும் ஒரு தமிழாசிரியரையும் அனுப்பி, பத்து சதவீதக் கழிவில் நேரடியாக வாங்கலாம். சப்ளையர் இதைவிடக் கூடுதலாகத் தருவார் என்றாலும், நாம் கொடுக்கும் பட்டியலில் உள்ளதைத் தேடிக் கொண்டுவர மாட்டார். இப்படி நேரடியாக வாங்கினால் தணிக்கையில் மூன்று கொட்டேஷன் எங்கே என்று கேட்பார்கள். அதற்காக டிசம்பருக்குள் நூலகக் குழுவில் தீர்மானம் போட்டு, முதல்வரின் கையெழுத்தோடு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.