நேரிலா, போனிலா?
அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நேர்காணல் ஆய்வு 1957-இல் தொடங்கியது. பெரும்பாலும் வீட்டுக்கே போய்க் கேட்பதுதான் வழக்கமாக இருந்தது. 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் போனுக்கு மாறினார்கள். செலவும் அலைச்சலும் குறைவு, சரி. ஆனால் தெரியாத எண்ணை யார் எடுப்பார்கள்? பதில் சொன்னவர்கள் குறைந்தார்கள். சொன்னவர்களிலும் வயதானவர்கள், வசதியானவர்கள் பங்கு கூடியது.

நேரில் போனால், “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்றதும் டப்பாவையே எடுத்து வந்து காட்டுவார்கள், பார்த்து எழுதிக்கொள்ளலாம். நீளமான விடைப்பட்டியலை அட்டையில் நீட்டலாம். குடி, மனச்சோர்வு என்று வரும்போதுதான் சிக்கல்: பக்கத்தில் வீட்டார் உட்கார்ந்திருந்தால் வாய் திறக்காது. போனில் கேள்வியாவது அவர்கள் காதில் விழாது.

என்னைக் கேட்டால், முதல் சந்திப்பு நேரில். விட்டுப்போனதைக் கேட்க மட்டும் போன்.